45 எழுத்து இங்கிலீஷ் வார்த்தையை எங்கே வெட்டுவது?

நகரித்தறி:

வணக்கம். கொஞ்சம் அவசரம்.

பெண் ஏழாவது படிக்கிறாள். பள்ளியில் ஒரு வார்த்தையைக் கொடுத்து, "முதலில் சிலபிளாகப் பிரி, அப்புறம் அர்த்தமுள்ள துண்டுகளாகப் பிரி, திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் நின்று சொல்லிக் காட்டு" என்று அனுப்பியிருக்கிறார்கள். வார்த்தை இதுதான்:

நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோப்பிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ்

இங்கிலீஷில் 45 எழுத்து. இரண்டு தடவை எண்ணிவிட்டேன். பெண் இதைத் தமிழில் எழுதித் தறிக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். நான் தறியில் நூல் சுற்றிய தார் மாற்றப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது, மூச்சு வாங்குகிறது.

நான் படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து எங்கள் நைனா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. இங்கிலீஷ் சிலபிள் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இப்போது சண்டை என்னவென்றால், பெண் விரல் விட்டு எண்ணி 20 சிலபிள் என்கிறாள். கைபேசியில் தேடினால் 19 என்று வருகிறது. அந்த ஒன்று எங்கிருந்து வந்தது? இன்னொரு கேள்வி: சிலபிளாகப் பிரிப்பதும் அர்த்தமாகப் பிரிப்பதும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு தடவை?

சந்தேகப்பேர்வழி:

எந்த டாக்டராவது இந்த வார்த்தையைச் சீட்டில் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? இது பிறந்ததே வேடிக்கைக்காக. 1935இல் அமெரிக்காவில் தேசியப் புதிர்க்காரர் சங்கத்தின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித், மருத்துவ வார்த்தைகள் நீண்டுகொண்டே போவதைக் கிண்டல் செய்து கட்டிய சொல். நியூயார்க் பத்திரிகை ஒன்று அதைச் செய்தியாகப் போட்டது. பிறகு அகராதிக்காரர்களும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். அந்த நோய்க்கு ஆஸ்பத்திரியில் சொல்கிற பெயர் சிலிக்கோசிஸ். நாலே சிலபிள். பிள்ளைகளை இப்படி வதைப்பதற்குப் பதில் ஒழுங்காக ஒரு லீவ் லெட்டர் எழுதக் கற்றுக்கொடுக்கலாம்.

பொன்பாடி பாசஞ்சர்:

நகரியில் உட்கார்ந்துகொண்டு நீளமான வார்த்தையைப் பார்த்துப் பயப்படலாமா அண்ணா? அரக்கோணம் – ரேணிகுண்டா லைனில் பொன்பாடி தாண்டி ஆந்திராவுக்குள் நுழைந்ததும் உங்கள் ஊருக்கு முன்னால் எந்த ஸ்டேஷன் வருகிறது?

வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை.

இங்கிலீஷில் இடைவெளியே இல்லாமல் 28 எழுத்து. இந்தியாவிலேயே ஒரே வார்த்தையாக எழுதும் நீளமான ஸ்டேஷன் பெயர் என்று இதைத்தான் சொல்வார்கள். முன்னால் ஒரு ஸ்ரீ சேர்த்து இன்னும் நீட்டுகிறவர்களும் உண்டு. டிக்கெட் எடுக்கிற கிழவி இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவாள். ஏனென்றால் அவளுக்கு அது 28 எழுத்து இல்லை. வெங்கட, நரசிம்ம, ராஜு, வாரி, பேட்டை. ஐந்து துண்டு, ஐந்தும் தெரிந்த துண்டு. ராஜு வாரி பேட்டை என்றால் ராஜா அவர்களுடைய பேட்டை. வாரி என்பது தெலுங்கில் 'அவர்களுடைய' என்கிற மரியாதைச் சொல், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இங்கிலீஷ்காரர்கள் நீளத்துக்குப் பெருமையாகச் சொல்லும் ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிஸம் என்கிற வார்த்தையும் சரியாக 28 எழுத்துதான். நம் பாசஞ்சர் ஸ்டேஷனும் அதுவும் சம நீளம்.

புத்தூர் வாத்தியார்:

தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த 20, 19 சண்டையை நான் தீர்க்கிறேன்.

சிலபிள் என்றால் ஒரு உயிரொலி, அதைச் சுற்றி ஒட்டிக்கொண்ட மெய்கள். உயிர் எத்தனை தடவை ஒலிக்கிறதோ அத்தனை சிலபிள். இங்கிலீஷ் எழுத்தை வைத்து எண்ணினால் குழம்பும். அங்கே எழுதிய உயிரெழுத்து ஒலிக்காமல் போகும், எழுதாத உயிர் ஒலிக்கும். 'ரிதம்' என்கிற வார்த்தையில் ஏ, இ, ஐ, ஓ, யூ ஐந்தில் ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் இரண்டு சிலபிள். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள், தலையில் புள்ளி உள்ளதையெல்லாம் அடித்துவிடுங்கள், ஆய்தத்தையும் அடித்துவிடுங்கள். மிச்சம் நிற்பதெல்லாம் உயிரோ உயிர்மெய்யோதான். அதை எண்ணினால் சிலபிள்.

முதலில் உங்கள் ஸ்டேஷனில் போட்டுப் பாருங்கள். வெ, ங், க, ட, ந, ர, சி, ம், ம, ரா, ஜு, வா, ரி, பே, ட், டை. மொத்தம் 16 எழுத்து. ங், ம், ட் மூன்றுக்கும் புள்ளி. அடித்தால் 13. சிலபிள் 13. தெலுங்கில் எழுதினால் அடிக்கவே வேண்டாம். ங்-கும் ம்-மும் அங்கே முன் எழுத்தின் பக்கத்தில் சுழியாக ஒட்டிக்கொள்ளும், பேட்டை 'பேட்ட' ஆகாமல் 'பேட' என்றே நிற்கும். நேராக 13 எழுத்துதான் வரும். நீங்கள் தெலுங்கு மீடியம் என்பதால் சொல்கிறேன், சிலபிள் என்னவென்று உங்களுக்குத் தெரியாது என்பது தப்பு. ஒன்றாம் வகுப்பில் க, கா, கி, கீ என்று குணிந்தம் எழுதும்போதே அதைத்தான் எழுதினீர்கள்.

இப்போது உங்கள் பெண்ணின் வார்த்தை. புள்ளியை அடித்தால்: நி யூ மோ னோ அ ரா மை ரோ கோ பி சி லி கோ வா கே னோ கோ னி யோ சி. 20. பெண் சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள், தப்பு முதல் எழுத்தில். 'நியூ' என்று நாம் எழுதுவதை இங்கிலீஷ்காரர் இரண்டாகச் சொல்வதில்லை. நி-யூ இல்லை, 'ந்யூ'. ந்-க்குப் புள்ளி வைத்துவிட்டால் 19. அமெரிக்காவில் வெறும் 'நூ' என்றே சொல்வார்கள், அப்போதும் 19.

நகரித்தறி:

வாத்தியார் ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டியதும் பெண் ஓடிப்போய்ச் சுவரில் இருந்ததைத் திருத்திவிட்டு வந்தாள். ந-வுக்கு மேல் சிவப்பு ஸ்கெட்சில் புள்ளி. ரொம்ப நன்றி.

சந்தேகப்பேர்வழி:

வாத்தியார் ஐயா, உங்கள் புள்ளி வைத்தியம் எல்லா இடத்திலும் நிற்காது. இங்கிலீஷில் ஃபில்ம் ஒரு சிலபிள். நாம் எழுதுவது ஃபிலிம், இரண்டு. போர்ட் ஒன்று, நாம் 'போர்டு' என்று எழுதுகிறோம், இரண்டு வரும். பஸ் ஒன்று, நம் ஊரில் எல்லாரும் சொல்வது பஸ்ஸு. ஸ்கூலை இஸ்கூல் என்கிறவர்களுக்கு என்ன செய்வீர்கள்?

புத்தூர் வாத்தியார்:

சரியான பிடி, ஒத்துக்கொள்கிறேன். மெய்யில் முடிகிற சொல்லை நம் வாய் அப்படியே விடாது, ஒரு உகரத்தை ஒட்டும். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் ஒரு இகரத்தை முன்னால் போடும். போர்டில் ஒட்டுகிற உகரம் குற்றியலுகரம், அரை மாத்திரை. பாதி உயிருக்கு முழு சிலபிள் கணக்குப் போட்டால் ஏமாந்துதான் போவோம். ஆகவே திருத்தம்: காதில் விழுகிறபடி எழுதிவிட்டுப் புள்ளியை அடியுங்கள், நம் வாய்க்கு வசதியாக எழுதிவிட்டு அல்ல.

ஆனால் 'இஸம்' என்பதில் நம் வழக்கம்தான் ஜெயிக்கும். இங்கிலீஷ் எழுத்தில் எஸ்-க்கும் எம்-க்கும் நடுவே உயிரெழுத்து இல்லை. வாய் மட்டும் அங்கே ஒரு சின்ன உயிரைப் போட்டே தீரும். பொன்பாடிக்காரர் சொன்ன 28 எழுத்து வார்த்தையில் புள்ளியை அடித்துப் பாருங்கள்: ஆ டி டி எ டா ளி மெ டே ரி ய னி ஸ. 12. இதைச் சிலர் 11 என்று எண்ணுவார்கள், இஸம் ஒரே துண்டு என்று நினைத்து.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிலபிளைத் தமிழில் அசை என்று எழுதுகிறார்கள். மொழியியல் புத்தகத்துக்கு அது சரி. யாப்பில் அசை வேறு. வெங் / கட / நர / சிம் / மரா / ஜுவா / ரிபேட் / டை. நேர் நிரை நிரை நேர் நிரை நிரை நிரை நேர். எட்டே அசை. நிரையசையில் இரண்டு உயிர் உட்கார்ந்திருக்கும், சிலபிளில் ஒன்றுதான். ஒரே பெயர், இங்கிலீஷில் 28, தமிழில் 16, தெலுங்கில் 13, வெண்பாக்காரனுக்கு 8. எவனாவது 'எத்தனை எழுத்து' என்று கேட்டால், யாருடைய எழுத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

பாலக்காட்டான்:

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு குரல். நாங்களும் உங்களைப் போலத்தான், வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம். யாருடைய எழுத்து என்கிற கதை வேல்ஸ் நாட்டிலும் உண்டு. அங்கே லான்ஃபேர் என்று தொடங்கும் ஒரு ஊரின் பெயர் 58 எழுத்து. ஆனால் வேல்ஸ் மொழியில் இரண்டு எல் சேர்ந்தால் ஒரே எழுத்து, சி-யும் ஹெச்-சும் சேர்ந்தாலும் ஒரே எழுத்து. அவர்கள் கணக்கில் 51தான். அதுவும் 1860களில் ரயிலில் வருகிறவர்களை இழுப்பதற்காக நீட்டிய பெயர். நீளமான பெயருக்கும் ரயிலுக்கும் என்னவோ ஒட்டு.

நகரித்தறி அண்ணனின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், இரண்டு வெட்டும் ஒன்றுதானே என்று கேட்டாரே. எங்கள் தலைநகரத்தைப் பாருங்கள். திருவனந்தபுரம். அர்த்தமாகப் பிரித்தால் திரு, அனந்த, புரம். சிலபிளாகப் பிரித்தால் தி, ரு, வ, னந், த, பு, ரம். அந்த 'வ' யாருடையது? திருவிலும் இல்லை, அனந்தனிலும் இல்லை. இரண்டு உயிர் மோதாமல் இருக்க நடுவில் வந்து நின்ற உடம்படுமெய். ஆக சிலபிள் கத்தி வெட்டுகிற இடம் வேறு, அர்த்தக் கத்தி வெட்டுகிற இடம் வேறு.

லேப் அக்கா:

நகரியில் பிறந்து வேலூரில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து இரவு வரை இந்த மாதிரி வார்த்தைகளைத்தான் லேபிளில் ஒட்டுகிறேன், அதனால் இந்தப் பேச்சில் எனக்கும் உரிமை உண்டு.

பாலக்காட்டு அண்ணன் சொன்னது அப்படியே இங்கும் நடக்கும். ஹெலிகாப்டர் என்கிற வார்த்தையை எங்கே வெட்டுவீர்கள்? எல்லாரும் ஹெலி, காப்டர் என்பார்கள். வாய்க்கு அது சரி. ஆனால் அது கிரேக்கத்திலிருந்து வந்தது. ஹெலிக்கோ என்றால் சுருள், ப்டர் என்றால் இறக்கை. அர்த்த வெட்டு க-வுக்கும் ப-வுக்கும் நடுவில் விழுகிறது, யாரும் அங்கே வாயை நிறுத்துவதில்லை. டைனோசர் படங்களில் வரும் டெரோடாக்டைலுக்கு முன்னால் எழுதி உச்சரிக்காமல் விடுகிற பி-யும் இதே இறக்கைதான். நியூமோனியாவின் முன்னால் இருக்கிற ஊமை பி-யும் கிரேக்கக்காரர் விட்டுப்போனதே.

காது மூக்கு தொண்டை டாக்டரின் அறைக்கு வெளியே போர்டு பார்த்திருப்பீர்கள்: ஓட்டோரைனோலாரிங்காலஜி. ஓட்டோ காது, ரைனோ மூக்கு (ரைனோசரஸ் என்றால் மூக்கில் கொம்பு உள்ளது), லாரிங் குரல்வளை, ஆலஜி படிப்பு. வாத்தியார் ஐயா கணக்குப்படி புள்ளியை அடித்தால் 9 சிலபிள். இப்போது 'கா' என்கிற சிலபிளைப் பாருங்கள். அதில் க் குரல்வளையைச் சேர்ந்தது, ஆ படிப்பைச் சேர்ந்தது. ஒரு சிலபிளுக்குள் இரண்டு துண்டும் பாதிப் பாதி. சொல்லும்போது அழுத்தம் விழுவதும் அந்தக் 'கா'வில்தான். ஆலஜி என்று முடிகிற எல்லா வார்த்தையிலும் அழுத்தம் அந்த 'ஆ' மேல்தான் விழும்.

புத்தூர் வாத்தியார்:

மரமில்லை என்றால் மரம் + இல்லை. வாயில் வருவது ம-ர-மில்-லை. 'மி'யில் ம் மரத்தினுடையது, இ இல்லையினுடையது. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது என்று இதைத்தான் படித்தோம். லாரிங்காலஜியிலும் அதுதான், வேறொன்றும் இல்லை.

பொன்பாடி பாசஞ்சர்:

புத்தூரில் எலும்பு முறிந்தால் கட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வார்த்தையை முறித்துக் காட்டுகிறவரும் இருக்கிறார் என்று இன்றுதான் தெரிந்தது.

லேப் அக்கா:

தம்பி, புத்தூர் கட்டைப் பற்றிப் பேசினதால் சொல்கிறேன். ஆர்த்தோபீடிக்ஸ் என்றால் எலும்பு என்று எல்லாரும் நினைக்கிறோம். அந்த வார்த்தைக்குள் எலும்பே இல்லை. ஆர்த்தோ என்றால் நேராக, பீட் என்றால் குழந்தை. 1741இல் நிக்கோலஸ் ஆன்ட்ரி என்கிற பிரெஞ்சு டாக்டர், குழந்தைகளின் கோணலான உடலை நேராக்குவதைப் பற்றிப் புத்தகம் எழுதும்போது உண்டாக்கிய சொல். அதே 'பீட்'தான் பீடியாட்ரிக்ஸில் இருக்கிறது. அதனால்தான் துண்டுகளின் அர்த்தத்தைக் கூட்டினால் வார்த்தையின் அர்த்தம் வந்துவிடும் என்று பெண்ணிடம் அடித்துச் சொல்லாதீர்கள் அண்ணா. துண்டு வழி காட்டும், அவ்வளவுதான்.

உங்கள் வார்த்தையில் மட்டும் துண்டும் அர்த்தமும் ஒட்டும். உட்கார்ந்து செய்த பொம்மை இல்லையா, அதனால். நியூமோனோ: நுரையீரல். அல்ட்ரா: அப்பால். மைக்ரோ: சின்னது. ஸ்கோப்பிக்: பார்ப்பது. இந்த மூன்றும் சேர்ந்தால் சாதாரண மைக்ரோஸ்கோப்பிலும் தெரியாத அளவு நுண்ணியது. சிலிக்கோ: சிக்கிமுக்கிக் கல், மணல். வால்கேனோ: எரிமலை. கோனி: தூசு. ஓசிஸ்: உடம்பில் ஒரு நிலை, பெரும்பாலும் நோய். எரிமலையிலிருந்து வரும் மிக நுண்ணிய சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து வரும் நோய். அல்ட்ராவும் சிலிக்காவும் லத்தீன், வால்கேனோ ரோமானியத் தீக்கடவுள் பெயரிலிருந்து வந்தது, மற்றதெல்லாம் கிரேக்கம். கலப்புத் திருமணம்.

இதில் ஓசிஸ் ஒன்றைப் பெண் பிடித்துக்கொண்டால் போதும். ஓசிஸ் வந்தால் ஒரு நிலை. ஐட்டிஸ் வந்தால் வீக்கம், அழற்சி. எக்டமி வந்தால் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஈமியா வந்தால் ரத்தம். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துப் பாதி விஷயம் புரிந்துகொள்ளலாம்.

சந்தேகப்பேர்வழி அண்ணா, எதற்கு இது என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டைச் சுற்றியும் தறிதானே? பஞ்சுத் தூசினால் வரும் நோய்க்குப் பெயர் பைசினோசிஸ். பிஸ்ஸோஸ் என்றால் கிரேக்கத்தில் மெல்லிய துணி, அதோடு ஓசிஸ். பஞ்சை அடித்துச் சிக்கெடுக்கிற இடத்திலும் நூல் ஆலையிலும் வேலை செய்கிறவர்களுக்குத்தான் அதிகம் வரும். லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சை இறுக்கும். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்துவிட்டுத் திங்கட்கிழமை இறுக்கினால் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவார்கள். எங்கள் பெரியப்பாவுக்கு அப்படித்தான் வருஷக்கணக்கில் திட்டு விழுந்தது. அந்த வார்த்தையைப் பிரிக்கத் தெரிந்த ஒருத்தர் வீட்டில் இருந்திருந்தால் கொஞ்சம் முன்னாலேயே டாக்டரிடம் கூட்டிப்போயிருப்போம்.

சந்தேகப்பேர்வழி:

அக்கா, அந்தத் திங்கட்கிழமை விஷயம் எனக்குத் தெரியாது. சரி, லீவ் லெட்டர் பேச்சை வாபஸ் வாங்குகிறேன்.

பாலக்காட்டான்:

நடுவில் ஒரு சந்தேகம். நியூமோனோ, மைக்ரோ, சிலிக்கோ. எல்லாத் துண்டும் ஓ-வில் முடிகிறதே, அது அந்தந்தச் சொல்லிலேயே உள்ளதா?

புத்தூர் வாத்தியார்:

மைக்ரோவில் அது சொந்தம், கிரேக்கச் சொல்லே மிக்ரோஸ். சிலிக்கோவில் அது பசை. லத்தீனில் மூலம் சிலெக்ஸ், அதில் ஓ கிடையாது. இரண்டு துண்டு ஒட்டுவதற்கு நடுவில் ஒரு ஓ போடுவது அந்த ஊர் வழக்கம். நாம் மரம் + ஐ என்பதை மரமை என்று சொல்லாமல் நடுவில் அத்து என்ற சாரியையை விட்டு மரத்தை என்கிறோம் அல்லவா, அந்த வேலை. கிரேக்கமே தேவையில்லை, பைக்கில் இருக்கிற ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். ஸ்பீட் சுத்தமான இங்கிலீஷ். தெர்மோமீட்டரைப் பார்த்துப் பழகிய வாய் அங்கேயும் ஒரு ஓ போட்டது.

பெண்ணிடம் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்பு சொல்லிக்கொடுங்கள். இங்கிலீஷுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரியும்.

பாலக்காட்டான்:

பொருந்தாத இடம் ஒன்றைச் சொல்கிறேன். தமிழில் பெரும்பாலும் பின்னால்தான் ஒட்டும், ரயில் பெட்டி மாதிரி. இங்கிலீஷில் முன்னாலும் ஒட்டும். அந்த 28 எழுத்து வார்த்தையை உரித்துப் பாருங்கள். நடுவில் எஸ்டாப்ளிஷ், நிலைநாட்டு. பின்னால் மென்ட், நிலைநாட்டல். இங்கிலாந்தில் அது அரசு ஆதரவுள்ள கிறிஸ்தவத் திருச்சபையைக் குறிக்கிற சொல்லாகிவிட்டது. முன்னால் டிஸ், அந்த ஆதரவை விலக்கு. 19ஆம் நூற்றாண்டில் இதுதான் பெரிய சண்டை. 1869இல் பிரதமர் கிளாட்ஸ்டன் அரசு சட்டம் கொண்டுவந்து அயர்லாந்துத் திருச்சபையை விலக்கியது, வேல்ஸில் 1920இல் நடந்தது, இங்கிலாந்தில் இன்றுவரை இல்லை. பின்னால் ஏரியன், அந்தக் கட்சிக்காரன், வெஜிடேரியன் மாதிரி. முன்னால் ஆன்டி, அதை எதிர்ப்பவன். கடைசியில் இஸம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாறி மாறி ஏறியிருக்கிறது. இடமிருந்து வலமாகப் பிரித்துப் படித்தால் புரியாது, உள்ளிருந்து வெளியே வர வேண்டும்.

நம் பக்கம் அப்படி இல்லை. 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தானா' என்பதை பஸ் ஸ்டாண்டில் யாராவது கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். புள்ளியை அடித்து எண்ணினேன், 13 வருகிறது. உங்கள் ஸ்டேஷனுக்குச் சமம், அவர்களுடைய 28 எழுத்து வார்த்தையைவிட ஒரு சிலபிள் கூட. இதை யாரும் அகராதியில் போடுவதும் இல்லை, போட்டியில் கேட்பதும் இல்லை.

டிடிபி கடை சித்தூர்:

எல்லாரும் வாயால் வெட்டுகிறீர்கள். நான் காசுக்கு வெட்டுகிறவன். வரி முடிகிற இடத்தில் வார்த்தை கொள்ளாவிட்டால் கோடு போட்டு உடைக்க வேண்டும், அதில் இங்கிலீஷ்காரர்களுக்குள்ளேயே ஒத்துவராது. டெமாக்ரஸி என்கிற வார்த்தையை அமெரிக்காவில் சொல்கிறபடி உடைப்பார்கள்: டெமாக்-ரஸி. பிரிட்டனில் பழைய வழக்கம் பிறப்பைப் பார்த்து உடைப்பது: டெமோ மக்கள், க்ரஸி ஆட்சி, எனவே டெமோ-க்ரஸி. நீங்கள் சொன்ன இரண்டு கத்தியும் அச்சுக்கூடத்தில் நிஜமாகவே இரண்டு கட்சி.

கம்ப்யூட்டருக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்க் லியாங் என்பவர் 1983இல் ஆராய்ச்சிப் பட்டமே வாங்கினார். வார்த்தைகளை மனப்பாடம் செய்யாமல், எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வந்தால் உடைக்கலாம், எது வந்தால் கூடாது என்று 4,400க்கும் மேற்பட்ட சின்னச் சின்ன அச்சுகள் வைத்தார். டெக் என்கிற அச்சுக்கோர்ப்பு மென்பொருளில் அதுதான் ஓடுகிறது. அதற்கும் ஒரே எழுத்தில் இரண்டு வார்த்தை வந்தால் தலை சுற்றும். ரெக்கார்ட் என்று பெயர்ச்சொல்லானால் சி-க்குப் பிறகு வெட்டு, ரிகார்ட் என்று வினையானால் சி-க்கு முன்னால். எழுத்தைப் பார்த்து மிஷினுக்கு எப்படித் தெரியும்?

இப்போது என் தலைவலி. ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. மணமகன் ஊர் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. கார்டு அகலத்துக்குள் கொள்ளவில்லை. எங்கே உடைப்பது? கடைப் பையன் 'வெங்கடநரசிம்மரா-' என்று உடைத்து ப்ரூஃப் எடுத்துவிட்டான்.

பொன்பாடி பாசஞ்சர்:

ராஜாவின் கழுத்தையே வெட்டிவிட்டான்.

லேப் அக்கா:

பெண்ணுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யாரும் சொல்லவில்லையே. நாங்கள் படிக்கும்போது எங்கள் டியூட்டர் ஒரு வழி வைத்திருந்தார், கடைசியிலிருந்து ஆரம்பிப்பது. சிஸ். யோசிஸ். கோனியோசிஸ். கேனோகோனியோசிஸ். வால்கேனோகோனியோசிஸ். முன்னாலிருந்து தொடங்கினால் வாய் போகப்போகத் தெரியாத இடத்துக்குப் போகும், நடுவில் திக்கும். பின்னாலிருந்து கட்டினால் எப்போதும் பழகிய இடத்துக்கே வந்து சேரும். அழுத்தம் 'யோ'வில் விழட்டும்.

மைக்ரோவை மை-க்ரோ என்று பிரி என்று அகராதி சொல்லும். நம் வாய் மைக்-ரோ என்றுதான் பிரிக்கும், 'க்ர' என்று ஒரு சிலபிளைத் தொடங்க நமக்குப் பழக்கம் இல்லை. எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. எழுதுகிற இடத்தில் அகராதிப்படி எழுதட்டும், சொல்லும்போது எப்படி வந்தாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நகரித்தறி:

நேற்று ராத்திரி தறி ஓடிக்கொண்டிருந்தபோதே பழகினாள். நூலை ஓட்டுகிற நாடா இந்தப் பக்கம் போனால் ஒரு துண்டு, அந்தப் பக்கம் போனால் ஒரு துண்டு. மூன்றாவது தறி கொஞ்சம் வேகம், அதற்குப் பக்கத்தில் நின்றால் தடுக்குகிறது என்று இரண்டாவது தறிக்கு மாறிக்கொண்டாள். பத்து மணிக்கெல்லாம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. வீட்டுக்காரி மட்டும் கோனியோசிஸ் வரைக்கும்தான் வருவேன், எரிமலைக்கெல்லாம் வர முடியாது என்றுவிட்டாள்.

நகரித்தறி:

திங்கட்கிழமை நிலவரம். முதல் தடவை சிலிக்கோவில் நின்றுவிட்டாளாம், இரண்டாவது தடவை முழுசாகச் சொன்னாள். சிலபிள் 19 என்று எழுதியிருந்ததற்கு டீச்சர் 20 என்று திருத்தப் போயிருக்கிறார். பெண் போர்டில் 'நி'யையும் 'ந்'-ஐயும் எழுதிக் காட்டினாளாம். டீச்சருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதையே தெலுங்கில் ஒற்று போட்டு எழுதிக் காட்டியதும் ஒத்துக்கொண்டார். வாத்தியார் ஐயாவுக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னாள்.

டிடிபி அண்ணா, உங்கள் பத்திரிகை என்ன ஆயிற்று?

டிடிபி கடை சித்தூர்:

'ராஜு-' என்று கோடு போட்டு, அடுத்த வரியில் 'வாரிபேட்டை' என்று வைத்துக் காட்டினேன். சிலபிளும் கெடவில்லை, துண்டும் கெடவில்லை, நல்ல வெட்டு என்று நினைத்தேன். பெண் வீட்டுத் தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ராஜு ஒரு வரியிலும் வாரி இன்னொரு வரியிலும் நின்றால், ராஜாவை மரியாதை இல்லாமல் கூப்பிட்ட மாதிரி இருக்கிறதாம். வாரியை மேலே ஏற்று என்றார். ஏற்றினால் அகலம் கொள்ளவில்லை. கடைசியில் எழுத்து அளவை ஒரு பாயின்ட் குறைத்து முழுப் பெயரையும் ஒரே வரியில் அடித்துக் கொடுத்துவிட்டேன். தாத்தாவால் இப்போது அதைப் படிக்க முடியவில்லை, ஆனால் சந்தோஷமாகப் போனார்.